சாம்பல் போட்டுத் தேய்த்த ஃபில்டர்

காட்டோரத்தில் ஆள் இல்லாத பங்களா ஒன்று இருந்தது. அதன் வராந்தாவில் ஒரு கண்ணாடி மீன்தொட்டி. மீன்கள் எப்போதோ போய்விட்டன, தொட்டி மட்டும் மழைத் தண்ணீர் நிறைந்து கிடந்தது. அந்த வருஷம் குளம் சீக்கிரமே வற்றிவிட்டதால், அம்சவேணி என்ற தவளை அந்தத் தொட்டியில்தான் முட்டையிட்டாள். முட்டைகள் பொரிந்தன. தொட்டி முழுக்கத் தலைப்பிரட்டைகள்.

பிள்ளைகள் வளர வளரத் தண்ணீர் நாறத் தொடங்கியது.

"இதுக்கு ஒரு ஃபில்டர் வேணும் வேணி" என்றான் அவள் கணவன் சொக்கன். சொன்னதோடு தன் கடமை முடிந்தது என்று பூந்தொட்டியின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். அவன் சுபாவம் அப்படி.

பங்களாவின் பின்பக்கம் சடையன் என்ற குரங்கு ஒரு தொட்டியில் அழகு மீன் வளர்த்துவந்தான். அதில் இரண்டு ஃபில்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. பழையதை ஒரு கூடை நாவல்பழத்துக்குத் தர ஒப்புக்கொண்டான்.

"நல்லா ஓடுமா சடையா?" என்று அம்சவேணி கேட்டாள்.

"இப்பவே ஓடிக்கிட்டுத்தானே இருக்கு? கண்ணால பாருங்க அக்கா."

அன்றே கழற்றிவந்து மாட்டியும் கொடுத்தான். சின்னப் பெட்டி, அதற்குள் ஒரு மோட்டார், ஒரு கறுத்த பஞ்சு. கூரைமேல் இருந்த சூரியத் தகட்டிலிருந்து மின்சாரம் வந்தது. காட்டுக்குள் மோட்டார் எப்படி ஓடும் என்று கேட்காதீர்கள். தவளையும் குரங்கும் பேசிக்கொள்வதை நம்பிவிட்டீர்கள், இதையும் நம்புங்கள்.

தண்ணீர் பெட்டிக்குள் போய்ப் பஞ்சு வழியாக வெளியே கொட்டியது. பிள்ளைகள் குஷியாக நீந்தின. அம்சவேணிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அவளுக்குச் சுத்தம் என்றால் உயிர். தன் பொந்தை ஒரு நாளில் எத்தனை தடவை பெருக்குவாள் என்று அவளுக்கே தெரியாது. அப்படிப்பட்டவள் வீட்டில், இன்னொருத்தன் புழங்கிய சாமான்! அந்தப் பஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். வழுவழு என்று இருந்தது. அவளுக்குக் குமட்டியது.

"யார் வீட்டு அழுக்கோ, என் பிள்ளைங்க மேல படணுமா?" என்று பஞ்சை உருவி எடுத்தாள். பின்கட்டு ஊற்றுக்குப் போனாள். அடுப்புச் சாம்பலைப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தாள். பஞ்சு புதுசாகிவிட்டது. திரும்பக் கொண்டுவந்து மாட்டிய பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கியது.

இரண்டொரு நாளில் தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் போலக் கலங்கியது. பிள்ளைகள் சோர்ந்துபோய் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கடைக்குட்டி பக்கவாட்டில் சாய்ந்தே நீந்தியது.

பெட்டியைப் பிரித்தாள். மோட்டார் ஓடியது. குழாயில் அடைப்பு இல்லை. உள்ளே சக்கரமும் சுற்றியது. தண்ணீர் தாராளமாகக் கொட்டியது. எல்லாம் சரி, தண்ணீர் மட்டும் சரியில்லை. பஞ்சை எடுத்துப் பார்த்தாள். லேசாகப் பழுப்பேறியிருந்தது.

"இதோ, மறுபடியும் அழுக்கு" என்று திரும்பச் சாம்பலை அள்ளினாள்.

அதன் பிறகு தினமும் இதே வேலைதான். தண்ணீர் கலங்கக் கலங்க இன்னும் அழுத்தித் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க இன்னும் கலங்கியது. பிள்ளைகள் தெம்பாகட்டும் என்று இரையையும் இரட்டிப்பாகப் போட்டாள். பாதி தின்னாமல் அடியில் கிடந்து அழுகியது.

கடைசியில் சடையனிடம் போய் நின்றாள். "ஓட்டை உடைசலை என் தலையில கட்டிட்டியே, நீ நல்லா இருப்பியா?"

"என் தொட்டியில நல்லாத்தானே ஓடிச்சு அக்கா?" என்று சடையன் விழித்தான். "வந்து பார்க்கட்டுமா?"

"நீ வந்த வரைக்கும் போதும். இனி நான் கரடியாரைப் பார்த்துக்கிறேன்."

கரடியார்தான் அந்தக் காட்டில் வழக்குத் தீர்ப்பவர். மலைக்கு அந்தப் பக்கம் இருந்தார். தவளைக்கு அது சாமானியத் தூரமா? ஆனாலும் அம்சவேணி கிளம்பிவிட்டாள். பிள்ளைகளை அப்படியே விட்டுப் போக அவளுக்கு அழுகையாக வந்தது. சொக்கனை எழுப்பி உட்காரவைத்தாள்.

"என்னங்க, பஞ்சைத் தினமும் சாம்பல் போட்டுத் தேய்க்கணும். மூணு வேளையும் இரை போடணும். பிள்ளைங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் உயிரோட இருக்க மாட்டேன்."

"நீ போயிட்டு வா வேணி. நான் இருக்கேன்ல?" என்றான் சொக்கன், கொட்டாவி விட்டுக்கொண்டே.

மலை ஏறி இறங்கினாள். அங்கே போனால் கரடியார் தேனெடுக்கப் போயிருந்தார். வரும்வரை காத்திருந்தாள். வந்தவரிடம் நடந்ததை எல்லாம் சொல்லி அழுதாள்.

"பிள்ளை பெற்றவளை ஏமாற்றினானா அந்தக் குரங்கு?" என்று கரடியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "நேரில் பார்க்கிறேன். நிஜமானால் அவன் இந்தக் காட்டில் இருக்க முடியாது."

கிளம்பும்போது தேய்ந்திருந்த நிலா, கரடியாரோடு திரும்பி வரும்போது வளர்ந்துவிட்டிருந்தது. வழி முழுக்க அம்சவேணிக்கு ஒரே நினைப்புதான். கடைக்குட்டி இருக்குமா, போய்விட்டிருக்குமா? சடையனையும் கூப்பிட்டு நிறுத்தினார்கள். எல்லோரும் வராந்தாவில் ஏறினார்கள்.

தொட்டித் தண்ணீர் பளிங்காக இருந்தது. அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணலாம். பிள்ளைகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. கடைக்குட்டிக்குப் பின்னங்கால்கூட முளைத்திருந்தது.

அம்சவேணி கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிக்கொண்டு அழுதாள். சந்தோஷம் தாங்கவில்லை. கணவனை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமையில் பெட்டியைத் திறந்தாள். பஞ்சு கறுத்து வழுவழு என்று இருந்தது.

"ஐயோ, எவ்வளவு அழுக்கு!" பழக்கதோஷம், கை தானாகப் பக்கத்தில் வைத்திருந்த சாம்பலை அள்ளியது.

"தொடாதே!"

பூந்தொட்டியின் அடியிலிருந்து சொக்கன் ஒரே தாவாகத் தாவி வந்து நடுவில் நின்றான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அப்படித் தாவி அவள் பார்த்ததில்லை.

"நான் அதை ஒரு நாள்கூடக் கழுவல வேணி" என்றான் தலையைக் குனிந்துகொண்டு. "நாளைக்குக் கழுவலாம், நாளைக்குக் கழுவலாம்னு விட்டுட்டேன். இரைகூட ஒரு வேளைதான் போட்டேன். முதல்ல பயமாத்தான் இருந்தது. அப்புறம் பார்த்தா, தண்ணி தானாத் தெளிஞ்சுகிட்டே வந்தது. அதுக்கப்புறம் வேணும்னேதான் தொடல."

சடையன் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டான்.

"சாம்பல் போட்டா தேய்ச்சீங்க? அது அழுக்கு இல்லக்கா. கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க அந்தப் பஞ்சுல குடியிருக்கும். பிள்ளைங்க கழிக்கிற நஞ்சை அதுங்கதான் தின்னு தீர்க்கும். அதுங்களோடதான் ஃபில்டரை உங்களுக்குக் குடுத்தேன். ரொம்ப அடைச்சுக்கிட்டா, அதே தொட்டித் தண்ணியில லேசாப் பிழிஞ்சு போட்டாப் போதும்."

"இதை அன்னைக்கே சொல்லக்கூடாதா?" என்றாள் அம்சவேணி.

"சொல்லியிருக்கணும், என் தப்புதான். ஆனா அதைச் சாம்பல் போட்டுத் தேய்க்க ஒரு ஆள் இருக்கும்னு நான் கனவா கண்டேன்?"

கரடியார் தொட்டியைப் பார்த்தார். பஞ்சைப் பார்த்தார். பிறகு அம்சவேணியைப் பார்த்தார்.

"மோட்டாரைப் பிரித்துப் பார்த்தாய், குழாயைப் பார்த்தாய், சக்கரத்தைப் பார்த்தாய். குரங்கின் மேல் குற்றம் பார்க்க மலையே ஏறி வந்தாய். பார்க்காமல் விட்டது என்னம்மா?"

அம்சவேணி தன் கையைப் பார்த்தாள். சாம்பல் அப்படியே இருந்தது. தன் பிள்ளைகளைத் தானே மூச்சுத் திணறவிட்டது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கையை விரித்து, சாம்பலை வராந்தாவுக்கு வெளியே உதறினாள்.

"சடையா, உன்னைத் திட்டினதை மனசுல வச்சுக்காதே" என்றாள்.

எங்கே கோளாறு என்று ஊரெல்லாம் தேடுகிறவர்கள், முதலில் தங்கள் கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.