பதினோரு பேரின் பக்கம்

புத்தி பேதலித்துத் தெருவில் கிடந்தவர்களைக் கூட்டிவந்து சோறு போடும் மடம் அது. ஒவ்வொருவர் படத்தையும் பேரையும் இணையத்தில் ஒரு பக்கமாகப் போட்டு வைப்பார்கள். தேடுகிற சொந்தக்காரர் யாராவது பார்த்து வரமாட்டார்களா என்றுதான்.

அந்த வேலை செங்கோடனுக்கு. மடத்துத் தலைவரான சாமியைவிட நாலு வயசு மூத்த சீடர்.

ஒருநாள் முகம் வாடி வந்து நின்றார்.

"சாமி, இணையத்துல தேடினா நம்ம மடம் முன்னெல்லாம் முதல் பக்கத்துலயே வரும். இப்போ ஒன்பதாம் பக்கம். அதுவரைக்கும் எவன் புரட்டுவான்? மூணு மாசமா ஒரு சொந்தக்காரரும் வரலை. நாப்பது பேர் வாசலையே பாத்துட்டு உக்காந்திருக்காங்க."

"ஏனாம்?"

"பதினோரு இணைப்பு முட்டுச்சந்தாக் கிடக்கு. பத்திரிகைச் செய்தியில இருக்கிற இணைப்பை அமுக்கி உள்ளே வந்தா, பக்கம் இல்லைன்னு வருது. வந்தவங்க திரும்பிப் போயிடுறாங்க. அதான் நம்மைக் கீழே தள்ளியிருக்கு."

"அதெல்லாம் யார் பக்கம்?"

"செத்துப்போனவங்க பக்கம் சாமி. அடக்கம் முடிஞ்ச அன்னிக்கே எடுத்துடுவேன். வீட்டை அலம்பி விடுறோமில்லையா, அந்த மாதிரி."

செங்கோடனே தொடர்ந்தார்.

"வழி இருக்கு. அந்தப் பதினொண்ணையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பி விட்டுடலாம். எதை அமுக்கினாலும் நம்ம வாசல் படமும் 'வருக'வும் தெரியும். நாமளும் மேலே ஏறிடுவோம்."

மறுநாள் உச்சி வெயிலில் சவரிமுத்து என்று ஒரு பெரியவர் வந்தார்.

"என் தம்பி குழந்தைசாமி இங்கே இருக்கான்னு பேப்பர்ல வந்துச்சாம். பேத்தி செல்லுல அமுக்கி அமுக்கிப் பாத்தா, பக்கம் இல்லைங்குது. விசாரிச்சு நேர்லயே வந்துட்டேன். எங்கங்க அவன்?"

சாமி அவர் கையைப் பிடித்து முன்வாசலுக்கு அழைத்துப் போனார்.

"இதுதான் எங்க மடம். வாங்க."

"சரிங்க சாமி. தம்பி?"

மடத்தைச் சுற்றி ஒரு நடை. திரும்பவும் அதே வாசல்.

"இதுதான் எங்க மடம். வாங்க."

"நான் மடத்தைப் பாக்க வரலைங்க."

மூன்றாம் தடவை அதே வாசலுக்கு வந்ததும் பெரியவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இருக்கானா, செத்தானான்னாச்சும் சொல்லுங்களேன்."

செங்கோடனால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ஓடிவந்து அவரைத் தூக்கி நிறுத்தி, பின்னாலிருந்த இடுகாட்டுக்குக் கூட்டிப் போனார். வரிசையில் ஐந்தாவது மேடு. எந்த மாசம், என்ன காய்ச்சல், எல்லாம் சொன்னார். கடைசியில் மீன்குழம்பு கேட்டதையும், மடத்தில் கொடுக்க முடியாமல் போனதையும் சொன்னார். பெரியவர் மண்மேல் கையை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை.

அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த செங்கோடனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"வயசான மனுஷனை மூணு தடவை அலைய விட்டீங்களே சாமி, இது நியாயமா?"

சாமி தலை நிமிரவில்லை.

"தப்புதான். ஆனா நான் வாசலுக்கே திருப்பித் திருப்பி அலைய விட்டது ஒருத்தரைத்தான்."