சிகப்பியின் இலை

மடத்துப் பந்தியில் வைரவனை மிஞ்ச ஆளில்லை. யாருக்குக் கத்தரிக்காய் ஆகாது, யார் கூச்சப்பட்டுக்கொண்டு மறுசோறு கேட்கமாட்டார், எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அறுபது வயதிலும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். தங்கமான மனுஷன் என்று ஊரே சொன்னது. அவர் வீட்டில் யாரும் போய்க் கேட்கவில்லை.

ஒரு பௌர்ணமியன்று, பந்தி முடிந்ததும், குருவின் முன் வந்து நின்றார். குரு அவரைவிட இளையவர்.

"சாமி, என் வீட்டுக்காரி என்கூடப் பேசுறதில்ல. சோத்த மேசையில மூடி வெச்சிட்டு உள்ள போயிடுறா. இப்ப அவ தங்கச்சி வீட்டோடயே போய் இருந்துக்கிறேங்கிறா. பழையபடி ஆகணும் சாமி. நான் என்ன செய்யட்டும்?"

"சண்டை போட்டீங்களா?"

"ஐயோ, சண்டையே கெடயாது. சண்ட போட்டு வருஷக்கணக்காச்சு."

குரு காலியான பந்தியைத் திரும்பிப் பார்த்தார்.

"அடுத்த பௌர்ணமிக்கு அவங்களப் பந்திக்குக் கூட்டிட்டு வாங்க. நீங்களே பரிமாறுங்க."

அடுத்த பௌர்ணமிக்கு அவர் மனைவி சிகப்பி வந்தார். வரிசையின் கடைசியில் உட்கார்ந்தார்.

வைரவன் காரக்குழம்பு வாளியோடு வந்தார். "உங்களுக்குக் காய் வேணாம், தெரியும்." "அண்ணே, கூச்சப்படாம இன்னொரு கரண்டி." இப்படிச் சிரித்துப் பேசிக்கொண்டே வந்தவர், மனைவியின் இலைக்கு முன்னால் நின்றுவிட்டார். கரண்டி வாளிக்குள்ளேயே இருந்தது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் சாப்பிட்டும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"குழம்பு ஊத்தவா?"

"உங்க இஷ்டம்."

தாராளமாகவே ஊற்றினார்.

பக்கத்து இலைக்காரப் பெண் பதறினாள். "ஐயா, ஆச்சிக்கு வயித்துப்புண்ணு. காரம் ஆகாதுன்னு இப்பத்தான் சொல்லிக்கிட்டிருந்தாங்க."

பந்தியில் உட்கார்ந்த பிறகு பழகியவள் அவள். அவளுக்குத் தெரிந்தது புருஷனுக்குத் தெரியவில்லை. சொல்லவே கசக்கிறது.

சிகப்பி குழம்புச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். இலையை மடித்துவிட்டுக் கை கழுவப் போனார்.

அந்த ஊரில் விருந்து சாப்பிட்டால் இலையைத் தம் பக்கமாக மடிப்பார்கள். சாவு வீட்டுச் சாப்பாட்டுக்குத்தான் எதிர்ப்பக்கமாக மடிப்பது. சிகப்பியின் இலை எதிர்ப்பக்கமாக மடிந்து கிடந்தது.

வைரவன் வாளியைப் போட்டுவிட்டுக் குருவிடம் ஓடினார்.

"சாமி, இலைய அப்படி மடிச்சிட்டாளே! தெரியாம மடிச்சிருப்பாளா? இல்ல, தெரிஞ்சேதான் மடிச்சாளா?"

சிகப்பி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். குரு அவரைப் பார்த்தார். பிறகு வைரவனைப் பார்த்தார்.

"இதையும் என்கிட்டதான் கேக்குறீங்க."