பந்தயச் சேவலுக்கு உயிர் வந்த கதை

கொப்பனூர் ஜமீன்தாருக்குத் தன் பந்தயச் சேவல் மேல் ஏகப் பெருமை; பெற்ற பிள்ளைகளைக்கூட அப்படிப் பீற்றிக்கொண்டதில்லை. விருந்துக்கு வந்த சம்பந்தியிடம் காட்ட அதை அவிழ்த்துவிட்டவர், திரும்பக் கட்ட மறந்துபோனார். அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த சமையற்காரி இருளாயியிடம், "கையில சிக்கற சேவலை அடிச்சுக் குழம்பு வை" என்று உத்தரவும் போட்டார். சிக்கியது அதுதான்.

சாப்பிட்டு முடித்த பிறகே விஷயம் தெரிந்தது. ஜமீன்தார் குதித்தார்.

"பொழுது சாயறதுக்குள்ள என் சேவலுக்கு உயிர் வரணும். இல்லேன்னா உன்னை ஊரைவிட்டே துரத்திடுவேன்!"

"வரவச்சிடலாம் எஜமான்" என்ற இருளாயி, இறகு, தலை, எலும்பு எல்லாவற்றையும் ஒரு முறத்தில் அள்ளி வந்து வைத்தாள். "கறி மட்டும்தான் குறையுது. தின்னவங்க திருப்பிக் கொடுத்தா, ஒட்டவச்சு எழுப்பிடறேன்."

"எவன்டா தின்னது? அவன் வயித்தைக் கிழிங்கடா!"

"சம்பந்தி ஐயா ஒரு துண்டு கறியோட கையைக் கழுவிட்டாருங்க. மிச்சம் முழுக்க எஜமான்தான்."

சம்பந்தி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். ஏதோ சொல்ல வாயைத் திறந்த ஜமீன்தாருக்கு, கூடமே அதிரும்படி ஓர் ஏப்பம் வந்தது.

இருளாயி முகம் மலர்ந்து கைகூப்பினாள்.

"கேட்டீங்களா எஜமான்? உயிர் வந்துடுச்சு. உள்ளேயிருந்து கூவுது!"