மெக்கானிக் வந்தால் ஓடும் மிஷின்

கனகவல்லி டீச்சர் ஆசிரமத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்குள் தவமணி அம்மாவிடம் அவர் ஐந்நூறு கேள்விகளாவது கேட்டிருப்பார். எல்லாம் நல்ல கேள்விகள். ஆன்மா உடம்பில் எங்கே இருக்கிறது? வினை எப்போது தீரும்? மனம் அடங்கிவிட்டது என்பதை எதை வைத்து அறிவது? ஒவ்வொன்றையும் முந்தின நாளே நோட்டில் எழுதி, அடித்துத் திருத்தி, மறுபடி எழுதி, மாலையில் வந்து கேட்பார்.

அம்மா முழுவதும் கேட்டுக்கொள்வார். "நல்லா இருக்குங்க டீச்சர்" என்பார். அவ்வளவுதான்.

டீச்சருக்கு அறுபத்தொரு வயது. முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து, தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு நாற்பத்து மூன்றுதான். முன்பு நர்ஸாக இருந்தவர். தொட்டியத்துக்கு மேற்கே, வாழைத்தோப்புகளுக்கு நடுவில் இருந்த அந்த ஆசிரமத்தில், எழுந்து நடக்க முடியாத ஒன்பது பெண்களை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உபதேசம் என்று தனியாக எதுவும் கிடையாது. வேலை இருந்தது.

ஒரு நாள் டீச்சர் நோட்டு இல்லாமல் வந்தார்.

"அம்மா, ஒண்ணு கேட்கணும். ஆனா இது அந்த மாதிரிக் கேள்வி இல்ல."

"கேளுங்க."

"மெக்கானிக் வந்தா மட்டும் மிஷின் ஏன் ஓடுது?"

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைத்தார். "அட, சொல்லுங்க, சொல்லுங்க" என்றார். இந்த இரண்டு வருடத்தில் அம்மா இப்படிக் கேட்டது இதுதான் முதல் முறை. டீச்சருக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

வாஷிங் மிஷின் வாங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அது வந்த பிறகுதான் ஒன்பது பேருக்கும் தினமும் விரிப்பு மாற்ற முடிந்தது. படுத்தே கிடப்பவர்களுக்கு விரிப்பு ஈரமாக இருந்தால் முதுகில் புண் வரும். இரண்டாவது மாதத்திலிருந்து மிஷின் மக்கர் செய்ய ஆரம்பித்தது. துவைக்கும், அலசும். பிழிகிற நேரம் வந்தால் கடமுடவென்று உதறி, விளக்கெல்லாம் மினுக்கி நின்றுவிடும். விரிப்புகள் தண்ணீர் சொட்டச் சொட்ட வெளியே வரும். மழை நாளில் அவை காய இரண்டு நாள் ஆகும். மூன்று பேருக்குப் புண் தொடங்கிவிட்டது.

வாரண்டி இருந்தது. டீச்சர் கம்பெனிக்குப் போன் செய்தார். இன்னாசிமுத்து என்ற மெக்கானிக் மூன்று முறை வந்தார். மூன்று முறையும் மிஷின் சமர்த்தாக ஓடியது. மூன்று முறையும் அவர் தாளில் 'கோளாறு இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அவர் வண்டி ஊர் போய்ச் சேருவதற்குள் மிஷின் நின்றது.

"இப்ப கம்பெனிப் போன்ல பேசுற பொண்ணு என்ன சொல்லுது தெரியுமாம்மா? வியாழக்கிழமை ஆள் வருவாராம். அப்பவும் கோளாறு தெரியலைன்னா புகாரை மூடிடுவாங்களாம். அதுக்கப்புறம் கூப்பிட்டாலும் வர மாட்டாங்களாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் பொய் சொல்றவ இல்லம்மான்னு சொன்னேன். அதுக்கு அந்தப் பொண்ணு, சிஸ்டத்துல அப்படித்தான் மேடம் காட்டுதுங்குது."

அம்மா சிரித்தார். "அவர் வர்ற அன்னைக்கு நீங்க என்ன பண்ணுவீங்க டீச்சர்? காலையிலேர்ந்து சொல்லுங்க."

டீச்சர் யோசித்துச் சொன்னார். அழுக்கு விரிப்புகளை எடுத்துக் குளியலறைக்குப் பின்னால் வைத்து மூடிவிடுவது. மிஷினை உள்ளும் புறமும் துடைப்பது. தரையைக் கழுவுவது. சாம்பிராணி போடுவது.

"ஒரு தடவை அவர் டெஸ்ட் பண்ணத் துணி கேட்டார்."

"குடுத்தீங்களா?"

"ரெண்டு டவல் குடுத்தேன். துவைச்சு மடிச்சு வெச்சிருந்தது."

அம்மா மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டார். "வியாழக்கிழமை பார்க்கலாம்" என்றார். கேள்விக்குப் பதில் வரவில்லை. ஆனால் "நல்லா இருக்குங்க டீச்சர்" என்றும் சொல்லவில்லை. டீச்சர் அதைக் கவனித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை விடிந்ததுமே டீச்சர் வாளியும் துணியுமாகக் கிளம்பினார். பள்ளிக்கூடத்தில் ஆய்வு என்றாலும் இப்படித்தான். அதிகாரி வரும் நாளில் அவர் பள்ளியில் ஒரு காகிதத் துண்டு கிடக்காது.

நடையில் கட்டிலில் இருந்த ராக்கம்மா பார்த்துவிட்டார். "என்ன டீச்சர், சம்பந்தி வீட்டுல இருந்து வர்றாங்களா?"

"மெக்கானிக் வர்றார்."

"அந்த மனுசனுக்கா இம்புட்டும்? எம் புருசன் போர்ல இருந்து திரும்பி வந்தப்பகூட நான் முகம் கழுவல."

அம்மா உள்ளிருந்து வந்தார். "டீச்சர், இன்னைக்கு ராக்கம்மாவுக்கு நீங்க கஞ்சி குடுங்க. எனக்கு மருந்து எடுத்து வைக்கிற வேலை இருக்கு."

ராக்கம்மா ஒரு கரண்டி கஞ்சி குடித்தால் ஒரு கதை சொல்வார். இரண்டாவது கரண்டிக்கு அந்தக் கதையில் வந்தவர்களின் சொந்தக்காரர்களைச் சொல்வார். பாதிக் கிண்ணம்தான் காலியாகியிருந்தது, வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

டீச்சர் கிண்ணத்தை வைத்துவிட்டு ஓடினார். தரை கழுவவில்லை. மிஷின் துடைக்கவில்லை. நான்கு விரிப்புகள் மிஷின் முன்னால் குவிந்து கிடந்தன. அவற்றின் வாடை வாசல்வரை வந்தது. டீச்சர் அவற்றை அள்ளப் போனார்.

அம்மா முந்திக்கொண்டார். நான்கையும் மார்போடு சேர்த்துத் தூக்கி, உள்ளே வந்த இன்னாசிமுத்துவின் கண் முன்னாலேயே மிஷினுக்குள் போட்டார்.

"தம்பி, இதப் போட்டு ஓட்டிப் பாருங்க."

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. "மன்னிச்சுக்கங்க சார். இன்னைக்கு நேரம் ஆயிடுச்சு. வழக்கமா இப்படி இருக்காது."

"அதான் தெரியுமே டீச்சர்" என்றார் இன்னாசிமுத்து. "வழக்கமா கோயில் மாதிரி இருக்கும். நான் செருப்பைக் கழட்டிட்டு வருவேன்."

பட்டனை அழுத்தினார். தண்ணீர் ஏறியது. மூன்று பேரும் நின்றார்கள். பிறகு உட்கார்ந்தார்கள். டீ வந்தது. மிஷின் துவைத்தது, அலசியது. முக்கால் மணி நேரம் ஆனது. டீச்சர் ஒரு முறை எழுந்து தரையைத் துடைக்கப் போனார். அம்மா அவர் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தார்.

பிழிகிற நேரம் வந்தது. முதலில் ஒரு முனகல். பிறகு கடமுடவென்று மிஷின் அரை அடி நகர்ந்து சுவரில் முட்டியது. விளக்குகள் மினுக்கின. நின்றுவிட்டது.

இன்னாசிமுத்து டீயை வைத்துவிட்டுத் துள்ளி எழுந்தார். "இது! இந்தச் சத்தம்!"

குழந்தை முதல் வார்த்தை பேசியதைக் கேட்டவர் மாதிரி முகம் மலர்ந்திருந்தது. மூடியைத் திறந்தார், கையை விட்டார், டிரம்மை ஒரு பக்கமாக அழுத்தினார். அது சரிந்து அப்படியே நின்றது.

"டிரம்மைத் தாங்குறதுக்கு நாலு கம்பி இருக்கு டீச்சர். ஒண்ணுல ஸ்பிரிங் போயிடுச்சு. காலியா இருந்தா தெரியாது. ரெண்டு டவல் போட்டாலும் தெரியாது. பாரம் ஏறினாத்தான் தெரியும்."

"அதிகமாப் போட்டுட்டமோ?" என்றார் டீச்சர்.

"சேச்சே. இதவிட ரெண்டு மடங்கு தாங்கணும். கம்பியே கோளாறு, கம்பெனிதான் மாத்தித் தரணும். சனிக்கிழமை கொண்டுவந்து போட்டுடறேன்." டிரம்முக்குள் தலையை விட்டபடியே கேட்டார். "ஏன் டீச்சர், முதல் நாளே இந்த விரிப்பைப் போட்டுக் காட்டியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்குமே?"

"நீங்க வர்ற நேரத்துல எப்படி சார் இதை... ஒரு ஆள் வர்றப்போ..."

"டீச்சர், நான் வர்றதே அழுக்குத் துணி துவைக்கிற மிஷினுக்கு."

தாளை எடுத்து 'கோளாறு உள்ளது' என்று எழுதினார். டீச்சர் அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அப்படி ஒரு தாளில் மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போடுவோம் என்று அவர் நினைத்ததில்லை.

மெக்கானிக் போன பிறகு அம்மா துவைக்கிற கல்லடிக்குப் போனார். நான்கு விரிப்புகளையும் கையால் பிழிய வேண்டியிருந்தது. டீச்சரும் போனார்.

"அம்மா, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"மிஷினைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நர்ஸா இருந்தப்ப ஒரு அம்மா இருந்தாங்க. நாங்க பக்கத்துல போனாலே வலிக்குது வலிக்குதுன்னு கத்துவாங்க. டாக்டர் வர்ற நேரம் ஆச்சுன்னா எழுந்து தலை சீவிப் பொட்டு வெச்சுக்குவாங்க. எப்படி இருக்கீங்கன்னு அவர் கேட்பார். உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன் ஐயான்னு சொல்வாங்க."

"அப்புறம்?"

"ஆறாவது நாள் இறந்துட்டாங்க."

அம்மா ஒரு விரிப்பின் முனையை நீட்டினார். டீச்சர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் எதிரெதிராக முறுக்கினார்கள். தண்ணீர் கல்லில் கொட்டியது.

இரண்டாவது விரிப்பும் முடிந்தது. மூன்றாவதைப் பிடித்தபோது டீச்சரின் கை நின்றுவிட்டது.

"அம்மா, நான் நோட்டுல எழுதாத கேள்வி ஒண்ணு இருக்கு."

அம்மா முறுக்குவதை நிறுத்தினார்.

"அப்ப நான் தலைமை ஆசிரியை ஆன புதுசு. மாவட்டத்துல இருந்து ஆய்வுக்கு வர்றாங்க. பிள்ளைங்களை எழுப்பி வாசிக்கச் சொல்வாங்க. அஞ்சாம் வகுப்புல பூங்கோதைன்னு ஒரு பொண்ணு. நல்லாப் படிக்கும். ஆனா வாய் திக்கும். பேர் சொல்லவே அரை நிமிஷம் ஆகும். முந்தின நாள் சாயங்காலம் அதைத் தனியாக் கூப்பிட்டு, நாளைக்கு நீ வர வேண்டாம் கண்ணுன்னு சொன்னேன். ஏன் டீச்சர்னு கேட்டுது. அதைக் கேட்டு முடிக்கவே அதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா? நான் அதுவரைக்கும் நின்னு கேட்டேம்மா. பதில் சொல்லல."

விரிப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆய்வு நல்லா முடிஞ்சது. என்னைப் பாராட்டி எழுதிட்டுப் போனாங்க. அந்தப் பொண்ணு மறுநாள் வரல. அதுக்கப்புறமும் வரல. வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டிருக்கலாம். ஏன் வர வேண்டாம்னு சொன்னீங்கன்னு அவங்க அப்பா அம்மா கேட்டா என்ன சொல்றதுன்னு பயந்து போகல. பெயரை நீக்கிட்டோம். இருபது வருஷம் ஆச்சு."

டீச்சர் விரிப்பின் முனையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இது தீர்றதுக்கு நான் என்ன செய்யணும்மா? விரதமா, ஜபமா, எதுன்னாலும் சொல்லுங்க. செய்றேன்."

அம்மா மூன்றாவது விரிப்பைக் கடைசிச் சொட்டுவரை முறுக்கி, உதறி, கொடியில் போட்டார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு எந்த ஊருங்க?"

"கருங்குளத்துப்பட்டி. துறையூர் தாண்டிப் போகணும்."

"காலையில முதல் பஸ் எத்தனை மணிக்கு டீச்சர்?"