விரல்களுக்கு நடுவே இருந்தவை

ஆவுடையப்பன் மாட்டு டாக்டர். இருந்த வேலையை விட்டுவிட்டு, தன்னைவிட வயதில் சின்னவரான ஜெசிந்தா மேடத்திடம் வைரஸ் பற்றிப் படிக்க வந்தவர். இந்த வயதில் இது தேவையா என்று ஊரே கேட்டது. கேட்கத்தான் செய்யும்.

மேடத்தின் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. செத்த செல்கள் உள்ள தட்டில் பிளீச்சிங் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் மேடம் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். ஆவுடையப்பனுக்கு அது சுத்தக் கிறுக்குத்தனமாகப் பட்டது. வெளியே சொன்னதில்லை.

அன்று காலை ஆவுடையப்பன் இரண்டு தட்டும் கையுமாக மேடத்திடம் வந்து நின்றார். முகம் செத்துப்போயிருந்தது.

"நான் ஊருக்குப் போறேன் மேடம். பஸ்சுக்குச் சொல்லியாச்சு."

"என்னாச்சு டாக்டர்?"

"மருந்து போடாத தட்டுல, வைரஸ் புகுந்த செல்லு ஜம்முனு இருக்கு. என் மருந்து போட்ட தட்டுல எல்லாம் செத்துப்போச்சு. காப்பாத்த வந்தவன் நான். கொன்னுட்டேன்."

"மருந்து போடாத தட்டுல அதை யாரு உயிரோட வச்சிருக்கா?"

"வைரஸ்தான். எதிரி உள்ள வந்தா செத்துப்போன்னு செல்லுக்குள்ள ஒரு உத்தரவு எழும். வேண்டாத உத்தரவைக் கிழிச்சுப் போட செல்லுகிட்டயே மைக்ரோ ஆர்.என்.ஏ.ன்னு ஒண்ணு இருக்கு. வைரஸ் அதைப் பிடிச்சு, இந்தச் சாவு உத்தரவு மேல கட்டி விட்டுடுது. உத்தரவு கிழிஞ்சுடுது. என் மருந்து அந்தக் கட்டை அவுக்குது."

"வீட்டு ஆளை வச்சே வீட்டை ஏமாத்துது."

"ஏமாத்தினாலும் உயிர் இருக்குதே மேடம். அது நல்லதுதானே?"

மேடம் மருந்து போடாத தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தார். வைரஸ் உள்ள இடம் பச்சையாகத் தெரியும். தட்டு முழுக்கப் பச்சை.

"எல்லாத்துக்கும் பரவிடுச்சு," என்றார் ஆவுடையப்பன்.

பிறகு அவருடைய தட்டு. வைரஸை விட்டிருந்த நடுப்பகுதியில் செல்கள் சருகாகக் கிடந்தன. மேடம் தட்டை ஓரமாக நகர்த்தினார். அங்கே பச்சையே இல்லை; நடுவில் இருந்தவை செத்ததோடு வைரஸும் நின்றுபோயிருந்தது. செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு உயிரோடு இருந்தன. சீக்கு வந்த மாட்டை மட்டுமே பார்த்துப் பழகிய கண், ஓரத்தைப் பார்க்காமலே எடுத்து வந்துவிட்டது.

அவர் மறுபடியும் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து ஓரத்தைப் பார்த்தார்.

"வாத்துக் கால்ல விரலுக்கு நடுவுல என்ன இருக்கும் டாக்டர்?"

"ஜவ்வு."

"அம்மா வயித்துல உங்க கையும் அப்படித்தான் இருந்துச்சு. விரலை விரிங்க."

விரித்தார்.

"இந்தக் கையை உள்ள விட்டு எத்தனை கன்னுக்குட்டியை வெளிய எடுத்திருப்பீங்க?"

"கணக்கே இல்ல மேடம்."

"விரலுக்கு நடுவுல இருந்த செல்லெல்லாம், அதே மாதிரி உத்தரவு வந்ததும் செத்துப்போயிடுச்சு. யாராவது அந்த உத்தரவைக் கிழிச்சுப் போட்டிருந்தா?"

ஆவுடையப்பன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்துவிட்டது. தன் தட்டை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார். பிளீச்சிங் பாட்டிலைத் திறந்தார். ஊற்றாமல் நின்றார்.

"பஸ் போயிடப் போகுது டாக்டர்."

"போகட்டும் மேடம். இதுகளுக்கு நன்றி சொல்லிட்டு வர்றேன்."