வேட்டியில் ஒட்டிய காடு

செங்காட்டூர் சமஸ்தானத்தில் அரசரைச் சிரிக்க வைப்பதற்கென்றே சம்பளம் வாங்கிய ஒருவன் இருந்தான். பெயர் எல்லப்பன். அரசரைச் சிரிக்க வைப்பது சுலபம். அவர் கவிதை படிக்கும்போது சிரிக்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

ஒருநாள் அரசர் கானகத்தைப் பற்றித் தாமே இயற்றிய பாட்டைச் சபையில் படித்தார். நீளமான பாட்டு. சபை "ஆகா, ஆகா" என்றது. எல்லப்பன் குறட்டை விட்டான்.

"பாட்டு எப்படி?" என்று அவனை எழுப்பிக் கேட்டார் அரசர்.

"அருமை, மகாராஜா. இப்படி ஒரு தூக்கம் வந்து வெகுநாளாயிற்று."

அரசர் முகம் சுருங்கியது. இதற்காகவே காத்திருந்தார் பிரதானி திருமேனியார். கஜானாவும் காடும் அவர் கையில். எல்லப்பனின் வாய் அவருக்குக் கண்ணில் விழுந்த தூசி.

"காட்டின் அருமை இவனுக்குத் தெரியவில்லை, மகாராஜா. காட்டுக் காவலில் கடைசிக் காவல்காரன் இடம் காலியாக இருக்கிறது. தேக்கு வேறு களவு போகிறது. இவன் போய்க் காக்கட்டுமே" என்றார் பணிவாக.

அரசருக்கும் அது சரியாகப் பட்டது. "என் முத்திரை இல்லாமல் காட்டிலிருந்து ஒரு துரும்புகூட வெளியே போகக் கூடாது. யார் கொண்டுபோனாலும் கட்டி இழுத்து வா. ஆளைப் பார்க்காதே" என்று உத்தரவு போட்டார்.

அப்படியாக, பட்டு அங்கவஸ்திரம் போய் எல்லப்பன் கைக்கு ஒரு கம்பும் கயிறும் வந்தன. கடைசிக் காவல்காரன் என்றால் லேசான உத்தியோகம் இல்லை. அவனுக்கு மேலே ஒரு பட்டாளமே அதிகாரம் செய்யும்; கீழே இருப்பது செருப்பு மட்டும். மேலே இருப்பவர்கள் எல்லாரும் கட்டிலில் படுத்துக் காட்டைக் காத்தார்கள். எல்லப்பன் மட்டும் காட்டு வாசலில் அட்டைகளுக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டு நின்றான். பிரதானியை நினைத்து நினைத்துப் பல்லைக் கடித்தான்.

ஒரு காலையில் சடைச்சி என்ற விறகுக்காரி தலைச்சுமையோடு வந்தாள். இவனைக் கண்டதும் சுமை நடுங்கியது.

"சுள்ளிதான் சாமி. காஞ்சு விழுந்தது. போன தடவ இதுக்கு என் கோழியப் புடுங்கிட்டாங்க."

"தேக்கு எல்லாம் நீங்கள்தான் வெட்டுகிறீர்களாமே. பிரதானி சொல்கிறார்."

சடைச்சிக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. "தேக்கு என் தலையில நிக்குமா சாமி? அது வண்டியில போவுது. மாட்டுக் கொம்புல பித்தளைக் குப்பி மாட்டியிருக்கும். பிரதானி கட்டுற புது வீட்டுக்குள்ள போய்த்தான் நிக்கும். அந்த வண்டிய எவன் மறிப்பான்?"

எல்லப்பன் கம்பைத் தரையில் ஊன்றி யோசித்தான். போன மரத்தைப் பிரதானி வீட்டுக்குள் நுழைந்து பிடிக்க முடியாது. கடைசிக் காவல்காரன் சொன்னால் அரசர் நம்பவும் மாட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பல்லக்கு ஒன்று வந்து நின்றது. எல்லப்பன் படும் பாட்டைக் கண்குளிரப் பார்க்கப் பிரதானியே வந்திருந்தார்.

"காடு எப்படி, எல்லப்பா?"

"தாங்களே வந்து பார்க்க வேண்டும், எஜமான்" என்று கும்பிட்டு, எல்லப்பன் வழிகாட்டினான். ஒட்டுப்புல் இடுப்பளவு நின்ற இடமாகப் பார்த்துச் சுற்றிச் சுற்றி நடத்தினான். திரும்பி வந்தபோது பிரதானியின் சரிகை வேட்டி முள்ளம்பன்றி மாதிரி இருந்தது.

வாசலைத் தாண்டியதும் எல்லப்பன் துண்டால் தன் கண்ணைக் கட்டிக்கொண்டு கயிற்றோடு அவர்மேல் பாய்ந்தான்.

"அடேய், நான் யார் தெரிகிறதா?"

"தெரியவில்லை. ஆளைப் பார்க்காதே என்பது உத்தரவு."

பல்லக்குத் தூக்கிகள் சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். "நீயும் சுமையோடு வா தாயி, உனக்கு ஒன்றும் ஆகாது" என்று சடைச்சியையும் கூட்டிக்கொண்டு எல்லப்பன் சபைக்குப் போனான்.

"மகாராஜா, இரண்டு திருட்டு. இந்த அம்மாள் தலையில் காட்டுச் சுள்ளி; போன தடவை இதற்கு ஒரு கோழியைப் பறிகொடுத்தவள். இவர் வேட்டியில் காட்டுப் புல். இரண்டிலும் தங்கள் முத்திரை இல்லை."

பிரதானி கட்டிய கையாலேயே வேட்டியை உதறு உதறென்று உதறினார். "இது அநியாயம், மகாராஜா. நான் எதையும் எடுக்கவில்லை. சும்மா நடந்தேன். அதுவாக வந்து ஒட்டிக்கொண்டது. அதுவாக வந்தது எப்படித் திருட்டாகும்?"

"ஆகாதுதான்" என்றார் அரசர்.

"அதுவாக மரத்திலிருந்து விழுந்த சுள்ளி?" என்றான் எல்லப்பன்.

அரசர் பிரதானியைப் பார்த்தார். பிரதானி தரையைப் பார்த்தார்.

"அதுவும் ஆகாது. இனி விழுந்த சுள்ளி பொறுக்குகிறவர்களைத் தடுக்கக் கூடாது. இந்த அம்மாளுக்குப் பிரதானி ஒரு கோழி கொடுக்கட்டும்."

"முட்டையிடுற கோழியா இருக்கட்டும் சாமி" என்றாள் சடைச்சி.

எல்லப்பன் நகரவில்லை. "இன்னும் என்னப்பா?" என்றார் அரசர்.

"புகார் இல்லை, மகாராஜா. சின்ன வேண்டுகோள். களவு போன தேக்கு அத்தனையும் பிரதானியின் புது வீட்டு உத்தரத்தில் அதுவாகப் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாவம், அவருக்குத் தெரியாது. வேட்டியை உதறின மாதிரி வீட்டையும் ஒரு தடவை உதறச் சொன்னால் போதும்."

அரசர் பிரதானியின் முகத்தைப் பார்த்தார். விசாரணைக்கு அதற்குமேல் வேலை இருக்கவில்லை. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் மோதிரத்தைக் கழற்றி எல்லப்பன் விரலில் போட்டார்.

மறுநாளே பித்தளைக் குப்பி மாட்டிய மாடுகள் தேக்கை அரண்மனைக்கு இழுத்துவந்தன. உத்தரம் போனதும் ஓடும் போயிற்று. பிரதானி சுவர்களுக்கு நடுவே கட்டில் போட்டு, நட்சத்திரம் பார்த்தபடி படுத்தார்.

அந்த ஆண்டு மழை கொஞ்சம் முன்னதாகவே வந்தது.