ஒரே குரலும் நடுங்கும் குரலும்

காதை நன்றாகத் தீட்டிக்கொள்ளுங்கள். இந்த வழக்கில் சாட்சி சொல்லப்போவது ஆள் இல்லை, வெறும் சத்தம்தான்.

பாலித் தீவில் ஒரு மலையடி ஊர். கோயில் வாத்தியங்களை வைத்திருந்த மண்டபத்தின் சாவி லூ சாத்ரி என்ற பெண்ணிடம் இருந்தது. கடற்கரையில் பிறந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டவள். மண்டபத்தைப் பெருக்குவாள், வாத்தியங்களைத் துடைத்துப் பூ வைப்பாள். வாசிப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒரு நாள் காலை உள்ளே போய்ப் பார்த்தாள். கங்ஸா ஒன்றைக் காணோம். மரப்பெட்டியின் மேல் பத்து வெண்கலத் தகடுகள் கட்டி, சிறு சுத்தியால் தட்டி வாசிக்கிற வாத்தியம் அது. ஜோடி ஜோடியாகத்தான் செய்வார்கள். இப்போது ஒன்று மட்டும் தனியாகக் கிடந்தது.

முந்தின நாள் பூட்டினோமா என்று அவளுக்கே நிச்சயமில்லை. ஊர் அவளைத்தான் சந்தேகித்தது. திருவிழாவுக்குள் வாத்தியம் திரும்பாவிட்டால் குடும்பத்தைத் தள்ளிவைப்பது என்று முடிவாயிற்று. அந்தத் தீவில் அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. வீட்டில் சாவு விழுந்தால்கூடத் தூக்க நாலு பேர் வரமாட்டார்கள். அவள் மாமனாரோ இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடந்தார்.

ஊர் ஊராக அலைந்தவள், நகரத்தில் மரச்சாமான் விற்கும் கெதே பர்த்தா என்பவனின் கடையில் அந்தத் தகடுகளைக் கண்டாள். பெட்டி புதிது, சாயம் புதிது. ஆனால் ஏழு வருஷம் தன் கையால் துடைத்ததை அவளுக்குத் தெரியாதா?

கெதே பர்த்தா அசரவில்லை. "இது எங்கப்பா சொத்தும்மா. இதோட ஜோடி என் தங்கச்சி வீட்டுல இருக்கு. பதினஞ்சு நாள் கொடுங்க, கொண்டாந்து காட்டறேன்" என்றான்.

வழக்கு வட்டாரத் தலைவர் சுகெர்த்தியிடம் போயிற்று. அவர் தவணை கொடுத்தார். திருவிழாவுக்கு முந்தின நாள் விசாரணை. ஊர் வாத்தியக்காரர்கள் தங்கள் ஊர்ப் பக்கமே சாய்வார்கள் என்பதால், அவர்கள் வாயே திறக்கக் கூடாது என்று உத்தரவு.

வழக்கில் இருந்த வாத்தியத்தை நடுவில் வைத்தார்கள். முதலில் கடைக்காரன் கொண்டுவந்த ஜோடியோடு சேர்த்துத் தட்டினார்கள். இரண்டும் ஒரே குரலில் ஒலித்தன. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒன்றுதான் ஒலிக்கிறது என்று சத்தியம் செய்யலாம். பத்துத் தகடுகளிலும் இம்மி பிசகவில்லை.

அடுத்து ஊர் மண்டபத்து வாத்தியத்தோடு தட்டினார்கள். லூ சாத்ரிக்கு உயிரே போயிற்று. இரண்டும் ஒத்துப்போகவில்லை. சத்தம் விம்மி விம்மி நடுங்கியது. அடுத்த தகட்டிலும் நடுக்கம், அதற்கடுத்ததிலும். வாத்தியக்காரர்களைப் பார்த்தாள், அத்தனை பேரும் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"தலைவரே, நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதே இல்ல. உங்க காதே சொல்லுது" என்றான் கெதே பர்த்தா.

"ஆமா, என் காதே சொல்லுது" என்று எழுந்தார் சுகெர்த்தி.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். வாத்தியத்தை அவர் யாரிடம் ஒப்படைத்திருப்பார்? ஏன்?

விடை: லூ சாத்ரியிடம். அந்தத் தீவில் ஜோடி வாத்தியங்களை ஒரே சுருதியில் வைப்பதில்லை. ஒன்றை மயிரிழை தாழ்த்தி வைப்பார்கள். சேர்ந்து ஒலிக்கும்போது எழும் அந்த நடுக்கம்தான் உயிர். அது இல்லாத இசையைச் செத்த இசை என்பார்கள். ஜோடி என்றால் அச்சு அசலாக இருக்க வேண்டும் என்று நினைத்த கடைக்காரன், பதினைந்து நாளில் திருட்டுப் பொருளுக்கு ஒரு நகல் வார்க்கச் சொல்லி வாங்கிக்கொண்டுவந்து தன் வாயாலேயே மாட்டிக்கொண்டான். அன்று சாயங்காலம் ஊரே திரண்டு மன்னிப்புக் கேட்க லூ சாத்ரியின் வாசலுக்கு வந்தது. அவள் மாமனாருக்குக் கஞ்சி ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்தாள்.